தம் கட்டக் கூடாத கடல்

மெட்ராஸ் துறைமுகத்தில் அன்று கப்பலடியில் நின்றவர்கள் என் அம்மா, அக்கா கன்னியம்மா, அக்காவின் இரண்டு பெண்கள், அக்கா புருஷன் தேசப்பன் மாமா, நான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அப்பா. வஞ்சிரம் வலையில் படுகிற சமயத்தில் கட்டுமரத்தைக் கரையில் ஏற்றிவிட்டு ஆளை வழியனுப்பப் போகிற வழக்கம் எங்கள் திருவொற்றியூர்க் குப்பத்தில் கிடையாது. இன்னொருவர் ராயபுரத்து அந்தோணி. அவர் வழியனுப்ப வர வேண்டியவர் அல்ல, எங்களோடு கப்பல் ஏற வேண்டியவர்.

அந்தோணி எங்கள் கம்பெனியில் ஃபிட்டர். கப்பல் துறையின் தூண்கள், கடலுக்குள் போகிற குழாய்கள் இவற்றைப் பழுது பார்ப்பது கம்பெனியின் தொழில். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் இறங்கி வேலை செய்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு வர, முதலாளி பினாங்குப் பக்கம் ஒரு தீவுக்கு ஆள் அனுப்பினார். அந்தோணிக்கு இரும்பு தெரியும். இதற்கென்றே புதிதாகச் சேர்த்துக்கொண்ட மாமாவுக்குக் கடல் தெரியும். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று முதலாளி நம்பினார். நான் எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள். கரையில் நின்றுகொண்டு வாத்தியார் சொல்வதைத் தமிழில் சொல்வதுதான் எனக்கு வேலை. தண்ணீரில் இறங்குவது அவர்கள் இரண்டு பேர்.

ஏணியில் கால் வைக்கிற நேரத்தில் அந்தோணியின் தம்பி சைக்கிளில் வந்து நின்றான். அண்ணனுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். அதன் அர்த்தம் எனக்கு அந்த நிமிஷம் உறைக்கவில்லை. அக்காவுக்கு உறைத்துவிட்டது. என் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அந்த ஆளு தண்ணில எறங்கிச்சின்னா ஊரையே மறந்துடும். இப்ப கூட எறங்கறது நீதான். முழுசா கொண்டாந்து வுடு, தம்பி."

எனக்கு நீந்தத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். படிக்கிற பிள்ளை என்று அம்மா என்னை இடுப்பளவு தண்ணீருக்கு மேல் விட்டதில்லை.

கப்பலில் என் நிலைமையைப் பற்றி அதிகம் எழுதினால் எனக்கு மரியாதையில்லை. சாம்பார் தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடுவதைப் பார்த்ததும் எழுந்து போனவன்தான். என் பங்கையும் சேர்த்து மாமாதான் சாப்பிட்டார். மீனவன் வீட்டுப் பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று மேல்தட்டில் இருந்த எல்லோரிடமும் சொல்லி வைத்தார். சேலத்துக்கார அம்மாள் ஒருத்தி எனக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். "படிச்ச புள்ளைங்க எல்லாம் இப்படித்தான்" என்று மாமாவுக்கு அவளே சமாதானமும் சொன்னாள்.

பினாங்கில் மிதிவண்டி ரிக்‌ஷா ஏறினோம். நம் ஊரில் வண்டிக்காரர் முன்னால் இருப்பார், நாம் பின்னால் இருப்போம். இங்கே நம்மை முன்னால் உட்காரவைத்துவிட்டு அவர் பின்னாலிருந்து மிதிக்கிறார். எதிரே லாரி வந்தால் முதலில் பார்க்கிறவர்கள் நாம்தான். மாமா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். புயலில் கட்டுமரம் கவிழ்ந்து விடிய விடிய மிதந்த மனிதர், அந்தத் தெரு முடிவதற்குள் மூன்று சாமியைக் கூப்பிட்டுவிட்டார்.

சாப்பாட்டுக் கடை தமிழ் முஸ்லிம் ஒருவருடையது. சோற்றின் மேல் மீன் குழம்பை ஊற்றினார். அதன் மேலேயே கறிக் குழம்பையும், அதற்கு மேல் கோழிக் குழம்பையும் ஊற்றினார். மாமா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இன்னா பாய், சட்டிய கழுவி ஊத்தறியா?" என்று கேட்டார். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. இங்கே அப்படித்தான், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திட்டுங்கள் என்றார். ஒரு வாய் சாப்பிட்ட மாமா தட்டைத் தானே அவர் பக்கம் நீட்டினார். எங்கே போகிறோம் என்று கேட்டார் கடைக்காரர். வாத்தியார் பேர் கோ என்று சொன்னதும், அவரா, நல்ல மனுஷன், ஆனால் முகம் பார்க்காமல் திட்டுவார் என்று சொல்லி அனுப்பினார்.

கோ சீனர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். வெள்ளைக்காரன் கப்பற்படைத் தளத்தில் முக்குளிப்பவராக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாக மூழ்கிய படகுகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். இடது காது கேட்காது. அதனால் எப்போதும் வலது பக்கம் திரும்பியே நிற்பார். அவரது படகில் தீவுக்குக் கிளம்பினோம். ஆமைத் தீவு என்று அர்த்தம் வருகிற மலாய்ப் பெயர் அதற்கு.

பாதி வழியில் என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. எங்கிருந்தோ மிதந்து வந்த கயிறு படகுக்கடியில் சுழலும் காற்றாடியில் சுற்றிக்கொண்டிருந்தது. மலாய்ப் படகோட்டிகள் இருவரும் யார் இறங்குவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே மாமா வேட்டியைக் கழற்றிவிட்டார். கத்தியைப் பல்லில் கடித்தார். மார்பு நிறையத் தம் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

போனவர் வரவில்லை. எனக்கு அது பழக்கம். எங்கள் கரையில் விசைப்படகுகளில் வலை சுற்றிக்கொண்டால் ஆள் அனுப்பி மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். படகோட்டிகள் விளிம்பில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மற்றவரிடம் ஏதோ சொன்னார். அதை கோ எனக்கு இங்கிலீஷில் சொன்னார்: "இந்த ஆளுக்கு உள்ளே இருப்பது நுரையீரல் இல்லை, பீப்பாய்." கடைசியில் மாமா அறுத்த கயிற்றோடு மேலே வந்து சிரித்தார். படகோட்டிகள் சிகரெட் கொடுத்தார்கள்.

கோ கொடுக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவரிடம் நன்றாகச் செய்தார் என்று சொல். இதையே என் சிலிண்டரோடு செய்தால் செத்துப்போவார் என்றும் சொல்."

நன்றாகச் செய்தார் என்பதைச் சொன்னேன். இரண்டாவதைச் சொல்வதற்குத் தீவு போய்ச் சேருகிற வரைக்கும் யோசித்தேன்.

அந்தத் தண்ணீரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எண்ணூரில் அனல்மின் நிலையத்துப் பக்கம் தண்ணீரில் நின்றால் நம் தொப்புளை நாமே பார்க்க முடியாது. இங்கே கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு கால் நகத்தில் இருந்த கறுப்பைப் பார்த்தேன். மாமாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு தெளிவாக இருந்தால் மீனுக்கு நம்மைத் தெரியாதா, இந்த ஊர்க்காரன் எப்படித்தான் வலை போடுகிறான் என்று கேட்டார்.

மறுநாள் காலை பாடம் தொடங்கியது. கோ ஒரு சிலிண்டரோடு கீழே போனார். அடியில் இருந்தபடியே ஒரு பலூனை சிலிண்டர் காற்றால் ஊதிக் கட்டி விட்டுவிட்டார். நாங்கள் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சாத்துக்குடி அளவில் கிளம்பியது, வர வரப் பெருத்தது. மேலே வருவதற்கு முன்பே வெடித்துக் கந்தல் மட்டும் மிதந்தது.

மேலே வந்த கோ சொன்னதை நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கரையில் இழுத்த மூச்சோடு உள்ளே போய்விட்டு அதே மூச்சோடு மேலே வந்தால் ஒன்றுமில்லை, போன அளவுக்கே திரும்பிவிடும். சிலிண்டர் காற்று அப்படியில்லை. ஆழத்தில் அது நெருக்கி அடைத்த காற்று. அதை இழுத்துக்கொண்டு வாயை மூடியபடி மேலே வந்தால் உள்ளே பெருத்துக்கொண்டே போகும். போக வழியில்லாமல் நுரையீரலைக் கிழிக்கும். மூச்சு விட்டுக்கொண்டே வர வேண்டும். எது நடந்தாலும் தம் கட்டக் கூடாது. இந்த ஒரு விதியை மறந்த ஆளைத் தன் கையால் தூக்கிக் கரை சேர்த்திருப்பதாக கோ சொன்னார். நல்ல நீச்சல்காரனாம்.

மாமா பலூன் கந்தலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ரப்பரு. நம்மளுது சோறு தின்ன ஒடம்பு."

"இல்ல மாமா, ரெண்டும் ஒண்ணுதானாம்."

"கடலுக்குள்ள தம் கட்டாம இன்னாடா பண்றது? எனக்கு இன்னா செவுளா கீது?"

கோ என்ன என்று கேட்டார். புரிந்துகொண்டார் என்று சொன்னேன். புரிந்துதான் இருந்தது. ஆனால் புரிந்துகொண்டது தலை. எட்டு வயதிலிருந்து கடலுக்குள் போய் வந்துகொண்டிருந்தது உடம்பு.

மற்றவையெல்லாம் சின்னச் சின்னச் சண்டைகள். முகக் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உள்பக்கம் எச்சில் துப்பித் தடவ வேண்டும் என்றார் கோ. மாமா வெற்றிலை வாயோடு துப்பி, உலகமே சிவப்பாகத் தெரிகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். காலில் மாட்டுகிற ரப்பர் துடுப்பைத் தொடவே மாட்டேன் என்றார். எங்கள் ஆட்கள் செருப்போடு கட்டுமரத்தில் கால் வைப்பதில்லை. செருப்புக் காலோடு கடலம்மா மேலேயே நடப்பதா என்று அவருக்குக் கோபம். அது செருப்பு இல்லை என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கோவுக்கு இந்த விஷயத்தில் பொறுமை இருந்தது. வெறுங்காலோடு வரட்டும், வாயைத் திறந்துகொண்டு வந்தால் போதும் என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைச் சங்கடத்தில் விட்டது. கூட இறங்கியவன் வாயை மூடிக்கொண்டு மேலே போவதைப் பார்த்தால் எட்டிப் பிடித்துத் தொப்புளுக்கு மேலே குத்து விட வேண்டும். குத்து விழுந்தால் காற்று தானாக வெளியே வந்துவிடும். இருவரும் இப்போதே ஒருவரையொருவர் குத்திப் பழகுங்கள் என்றார்.

மாமாவுக்குச் சந்தோஷம். ரொம்ப நாள் ஆசை என்று சொல்லிக்கொண்டே ஒன்று விட்டார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு என் முறை. எங்கள் குப்பத்து வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். அக்கா புருஷன் எதிரில் நாங்கள் கால் நீட்டி உட்கார மாட்டோம். பீடி குடிக்கிறவன் பீடியை மறைத்துக்கொள்வான். ஊரே இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டாலும் மச்சான் தன் மாமன் மேல் கை வைக்க மாட்டான். வைத்தால் அக்காவை அடித்த மாதிரி. கையை ஓங்கினேன், ஓங்கின கை பாதியில் நின்றுவிட்டது. விரலால் வயிற்றைத் தொட்டேன்.

"இன்னா தொரை, சந்தனம் பூசறியா?" என்றார் மாமா.

கோ சிரிக்கவில்லை. உறவு முறையை அவருக்கு விளக்கினேன். கொஞ்சம் யோசித்தார். "சரி, உன் அக்காவுக்காகக் குத்து" என்றார். மறுபடி முயற்சி செய்தேன். முதல் தடவை மாதிரியேதான் வந்தது. கோ முகத்தைத் திருப்பிக்கொண்டு சிலிண்டர்களைத் தூக்கப் போய்விட்டார்.

முதல் முறையாகத் தண்ணீருக்கடியில் மூச்சு இழுத்ததை நான் மறக்கமாட்டேன். தலையை உள்ளே விட்டதும் உடம்பு மாட்டேன் என்றது. இழுத்தேன். வந்தது. ரப்பர் வாசனையோடு காய்ந்த காற்று. விட்டதும் காதோரம் சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழிகள் போயின. என்னிடம் பழைய பழக்கம் எதுவும் இல்லாததால் சொன்னபடி செய்தேன். என் தலைக்கு மேலே குமிழிகள் விடாமல் போய்க்கொண்டே இருந்தன.

மாமாவின் தலைக்கு மேலே ஒன்றும் இல்லை. வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரே கொத்தாக வரும். மறுபடி ஒன்றும் இருக்காது. சிலிண்டரில் அவருக்கு என்னைவிடக் காற்று மிச்சமிருந்தது. மேலே வந்ததும் அதைக் காட்டிப் பெருமைப்பட்டார். கம்பெனிக்கு லாபம்தானே என்றார். கோ அவர் முகத்துக்கு நேராகவே இங்கிலீஷில் கத்தினார். அதில் பாதியை நான் தமிழில் சொல்லவில்லை.

பகலில் சாப்பாடு தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, வறுத்த நெத்திலி, வேர்க்கடலை, மிளகாய்ச் சாந்து. சாந்தில் இறாலைப் புளிக்கவைத்து இடித்த ஒரு கட்டியைச் சேர்க்கிறார்கள். அதைச் சுடும்போது வருகிற வாசனைக்கு முன்னால் எங்கள் கருவாட்டுக் களம் மல்லிகைத் தோட்டம். மாமா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். நெத்திலிக்கு இந்த மரியாதை நம்மூரில் கிடையாது, ஊருக்குப் போனதும் கன்னியம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றார். எனக்குத்தான் எதுவும் இறங்கவில்லை. அவர் சாப்பிடுகிறபோது மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆழத்துக்குப் போகிற நாள் வந்தது. கிளம்பும் முன் கோ என்னிடம் சொன்னார்: இன்றைக்கும் தம் கட்டினால் அடுத்த கப்பலில் அவரை அனுப்பிவிடுவேன், அது தண்டனை இல்லை, உயிரோடு அனுப்புகிறேன் என்று எடுத்துக்கொள். அதை அப்படியே மாமாவிடம் சொன்னேன். மாமாவுக்குப் பங்கு இருந்த விசைப்படகு என்ஜின் உடைந்து ராயபுரம் கரையில் கிடந்தது. மாதாமாதம் வருகிற சம்பளம் என்பது அவர் இதுவரை பார்க்காத ஒன்று.

"வுட்டுக்கினே வர்ரேன்னு அவனாண்ட சொல்லு" என்றார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் குரலில் விளையாட்டு இல்லை.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று பேரும் இறங்கினோம். கோ முதலில், மாமா நடுவில், கடைசியில் நான். காது வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினேன், விட்டுவிட்டது. மாமாவின் தலைக்கு மேலே குமிழிகளைப் பார்த்துக்கொண்டே போனேன். வந்தன. ஒழுங்காக வந்தன.

அடியில் வெள்ளை மணல். பாறை பாறையாகப் பவளம். எங்கள் கரையில் ஏலத்துக்கு வாய் பிளந்து கிடக்கிற கலவா மீன் இங்கே ஒரு பொந்துக்குள் உட்கார்ந்துகொண்டு எங்களை முறைத்தது. கிளி மீன்கள் பவளத்தைக் கடிக்கிற சத்தம், யாரோ பொரிகடலை மெல்லுகிற மாதிரி, நாலா பக்கமும் கேட்டது. இத்தனை வருஷமாக நான் சாப்பிட்டதையெல்லாம் உயிரோடு பார்ப்பது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் எனக்குப் பயம் மறந்துபோனது.

அந்தக் கொஞ்ச நேரத்தில் மாமா ஒரு நங்கூரத்தைப் பார்த்துவிட்டார்.

பாறை இடுக்கில் செருகிக் கிடந்த பழைய இரும்பு நங்கூரம். எங்கள் கரையில் தொலைந்த நங்கூரத்தை எடுத்துக் கொடுக்கிறவனுக்கு அதன் விலையில் பங்கு உண்டு. அதைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்காது. கோ முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். மாமா இரண்டு காலையும் பாறையில் ஊன்றி, நங்கூரத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தார். அசைந்தது. இன்னும் இழுத்தார். சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்று கொண்டுவருகிற குழாய் நங்கூரத்தின் கொக்கியில் மாட்டி, வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது.

அதை எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொள்ள கோ கற்றுக்கொடுத்திருந்தார். மாமா அப்படிச் செய்யவில்லை. எட்டு வயதிலிருந்து செய்ததைச் செய்தார். வாயை இறுக மூடினார். பாறையை உதைத்தார். மேலே கிளம்பிவிட்டார்.

அவர் என்னைத் தாண்டிப் போகும்போது கையில் அகப்பட்டது அரைஞாண் கயிறு. பிடித்தேன். அறுந்துவிடும் என்று நினைத்தேன், அறவில்லை. அவர் போகிற வேகத்தில் நானும் மேலே போனேன். முகக் கண்ணாடிக்குள் அவர் கண் தெரிந்தது, பயமே இல்லாத கண். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. குமிழி ஒன்றுகூட இல்லை. மேலே வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

குத்தினேன். தண்ணீருக்குள் கை வேகமாகப் போகவில்லை, தலையணையில் குத்தின மாதிரி இருந்தது. அவர் வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுத விரும்பவில்லை. அரைஞாணைப் பிடித்து அவரை என் பக்கம் இழுத்துக்கொண்டு குத்தினேன். எத்தனை குத்து என்று எனக்குத் தெரியாது. எப்போதோ என் முகம் முழுவதும் குமிழிகளாகிவிட்டது. எதுவும் தெரியவில்லை. அந்தக் குமிழிகள் அவர் வாயிலிருந்து வந்தவை. வந்துகொண்டே இருந்தன, வெளிச்சத்துக்கு வந்து சேர்கிற வரைக்கும்.

மேலே வந்ததும் மாமா இருமினார். துப்பினார். துப்பினதில் சிவப்பு இருந்தது. வெற்றிலையா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அன்று காலையில் அவர் வெற்றிலை போடவில்லை என்பது படகில் ஏறினபிறகு ஞாபகத்துக்கு வந்தது.

கோ மேலே வந்தார். மாமாவை இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார். மார்பில் தன் நல்ல காதை வைத்துக் கேட்டார். பிறகு கழுத்தையும் தோளுக்கு மேலேயும் விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். நான் கேட்டதற்குச் சொன்னார்: நுரையீரல் கிழிந்திருந்தால் காற்று தோலுக்கடியில் வந்து நிற்கும். அமுக்கினால் காய்ந்த சருகை மிதிக்கிற மாதிரி நொறுங்கும். இப்போது இல்லை. போகப் போக வரலாம்.

அதனால் காத்திருந்தோம். கரைக்கு வந்தும் காத்திருந்தோம். கொஞ்சத்துக்கு ஒரு தரம் கோ வந்து அமுக்கினார். அவர் போனதும் அதே இடத்தில் நானும் அமுக்கினேன். நெற்றி வேர்த்தால் பயமாக இருந்தது. வேர்க்காவிட்டாலும் பயமாக இருந்தது. அக்காவுக்குத் தந்தி கொடுப்பதென்றால் என்ன எழுதுவது என்று மனம் தானாக இங்கிலீஷில் வாக்கியம் அமைத்துப் பார்த்தது. அதற்காக என்னையே திட்டிக்கொண்டேன். மாமா கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கம் பார்த்தார்.

வெயில் தாழ்கிற நேரத்தில் சமையல்கார அம்மாளிடம் கையைக் குவித்து வாய்க்குக் காட்டினார். அந்த அம்மாள் சோறு கொண்டுவந்தாள். நெத்திலி எங்கே என்று கையாலேயே கேட்டார். கோ எழுந்து வெளியே போய் ஒரு சிகரெட் பற்றவைத்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "நன்றாகக் குத்தினாய்" என்றார் அவர். அந்தத் தீவில் அவர் என்னைப் பாராட்டியது அது ஒன்றுதான்.

சாப்பாடு முடிகிற வரைக்கும் மாமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"உள்ள வெடிக்கிற மாரி வந்திச்சிடா மச்சான். அந்த ரப்பரு மாரியே."

அப்புறம் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். கன்றிப்போயிருந்தது. "உங்கக்காவாண்ட சொல்லிக்கினு திரியாத" என்றார்.

கோ இரண்டு நாள் அவரைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை. அடுத்து இறங்கினபோது நங்கூரம் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனோம். மேலே வரும் வழி முழுவதும் மாமா விடாமல் குமிழி விட்டுக்கொண்டே வந்தார், எனக்குத் தெரிய வேண்டும் என்று என் பக்கம் திரும்பி. கோ எங்கள் இரண்டு பேருக்கும் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாமாவின் கையைக் குலுக்கினார். ஒரு சிகரெட்டும் கொடுத்தார்.

முழுசாகக் கொண்டுவந்து விட்டேன். துறைமுகத்தில் அக்கா அவரை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, கறுத்துப்போய்விட்டார் என்று மட்டும் சொன்னாள். நான் எதையும் சொல்லவில்லை. மாமாவால்தான் சொல்லாமலிருக்க முடியவில்லை. வலை பின்னுகிற இடத்தில் கூட்டம் சேர்த்து, பலூனிலிருந்து ஆரம்பித்து, என் கையை எப்படி ஓங்கினேன் என்பது வரைக்கும் நடித்துக் காட்டியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த அவர் பங்காளி ஒருவர், மச்சான்காரன் மாமன் மேல் கை வைத்தது உண்மையா என்று கேட்டிருக்கிறார். உண்மை என்று மாமா பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஊர் கூடியது. தலைவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கடலடியில் மீன் எப்படி இருக்கிறது, கலவா எந்தப் பொந்தில் உட்காருகிறது என்று வெகு நேரம் விசாரித்தார். அதற்குப் பிறகுதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். உயிரைக் காப்பாற்றியது வேறு, மாமன் மேல் கை வைத்தது வேறு, இன்றைக்கு இதை விட்டால் நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒரு காரணம் கொண்டுவருவான் என்றார். கூட்டம் அது சரிதான் என்றது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒரு தபா குத்தியதற்குப் பதினைந்து ரூபாய் அபராதம்.

எத்தனை தபா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியாது.

பக்கத்தில் கைகட்டி நின்ற மாமா சொன்னார்: "மூணு. மொத ரெண்டுக்கு நான் வாயத் தொறக்கல."

மாமா இடுப்பு மடியை அவிழ்த்தார். "ரெண்டு அவன் கட்டட்டும். மூணாவது எங்கணக்கு."

குத்து வாங்கினவன் அபராதம் கட்டுகிற வழக்கம் இல்லை என்று தலைவர் சொல்லிப் பார்த்தார். மாமா கேட்கவில்லை. வெற்றிலைத் தட்டில் எண்ணி வைத்தார். நானும் வைத்தேன். நான் முப்பது, மாமா பதினைந்து. ஆக நாற்பத்தைந்து ரூபாய்.